உப்புமா கிண்டலாம் வாங்க (அல்லது) ஏழு வயசுக்கு எதுக்குங்க கோடிங் கிளாஸ்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்க சொசைட்டி பார்க்கில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து டவர் கோயம்புத்தூர்க்காரர் வந்து உட்கார்ந்தார். நொய்டாவில் தமிழ் பேச ஒரு ஆள் கிடைத்தாலே பாதி வயிறு நிறைஞ்ச மாதிரிதான். வெயில், ஊர், டிக்கெட் விலை எல்லாம் பேசி முடித்ததும் கேட்டார்.

"பாப்பாவ எந்த கோடிங் கிளாஸ்ல போட்டிருக்கீங்க?"

கவனிங்க. போட்டிருக்கீங்களா என்று கேட்கவில்லை. எந்த கிளாஸ் என்றுதான் கேட்டார். எங்கேயும் போடலைங்க என்றதும், பிள்ளைக்கு போலியோ சொட்டு மருந்து கொடுக்காதவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "நீங்களே சாஃப்ட்வேர்ல இருந்துக்கிட்டு..." என்று இழுத்தார். பெரியவளுக்கு வயசு ஏழு. சின்னவனுக்கு அஞ்சு.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2020-ல் ஊரடங்கு சமயத்தில் ஆரம்பித்த பயம் இது. ஆறு வயசுப் பிள்ளை ஆப் செய்து கோடீஸ்வரன் ஆகிற மாதிரி விளம்பரம் போட்டுப் போட்டு நம்ம எல்லாரையும் ஒரு வழி பண்ணினார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள், 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவும் கணக்கீட்டுச் சிந்தனையும் பாடத்தில் வரும் என்று 2025 அக்டோபரில் மத்திய கல்வி அமைச்சகம் அறிவித்தது. கேட்க வேண்டுமா? எங்க டவர் லிஃப்ட்டில் கூட டியூஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

நானும் பயந்துதான் ஒரு இலவச டிரையல் கிளாஸில் உட்கார வைத்துப் பார்த்தேன். முக்கால் மணி நேரம். அந்தப் பக்கம் ஒரு மிஸ், ஆரஞ்சு கலர் கட்டையை இழுத்துக்கொண்டு வந்து இங்கே ஒட்டு, பச்சையை அங்கே ஒட்டு என்றார். கடைசியில் திரையில் ஒரு பூனை ஆடியது. எல்லாரும் கை தட்டினார்கள். "பூனை ஏம்மா நாலு தடவை ஆடிச்சு?" என்று பெரியவளிடம் கேட்டேன். "மிஸ் ஆரஞ்ச் ப்ளாக் வைக்கச் சொன்னாங்க, அதான்" என்றாள். அடுத்த இரண்டு நாளில் ஒரு அண்ணன் மூன்று தடவை போன் செய்து, குழந்தைக்கு அபாரத் திறமை இருக்கிறது, நீங்கள் வீணாக்கிவிடாதீர்கள் என்று என்னையே குற்றவாளி ஆக்கினார். (அந்தப் பூனையும் கட்டையும் எம்.ஐ.டி. 2007-ல் காசே வாங்காமல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் வகைதான். சின்னப் பிள்ளைகளுக்கென்று ஸ்க்ராட்ச் ஜூனியர் 2014-லிருந்து இருக்கிறது. அதுவும் ஓசி.)

நானும் பதினேழு வருஷமாகப் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஏழு வயசுப் பிள்ளைக்கு அல்காரிதம் என்றால் என்ன என்று காட்ட கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு வாணலி, கால் கிலோ ரவை, கொஞ்சம் பொறுமை போதும். ஆனால் வழக்கமாகச் சொல்கிற காரணத்துக்காக இல்லை. "சமையல் குறிப்பு மாதிரிதான் அல்காரிதம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதி பொய். அந்தப் பொய்யான பாதியில்தான் பாடமே இருக்கிறது.

சரி, உப்புமாவுக்கு வருவோம்.

விதி ரொம்ப எளிது. அடுப்புக்கு முன்னால் நிற்பது நான். பிள்ளைகள் இரண்டும் மேடைக்கு இந்தப் பக்கம், ஸ்டூலில். அடுப்பு, கத்தி இரண்டையும் அவர்கள் தொடக்கூடாது. அப்பாவுக்கு இன்றைக்கு மூளை கிடையாது, சொன்னதை மட்டும் செய்வார். சொல்லாததைச் செய்ய மாட்டார்.

"வாணலி வைங்கப்பா." வைத்தேன்.

"எண்ணெய் ஊத்துங்க." மூடியைத் திறக்காமலே பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. மூடியைத் திறக்கச் சொன்னார்கள், மூன்று ஸ்பூன் என்றார்கள். ஊற்றினேன்.

"கடுகு போடுங்க. வெடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுங்க." போட்டேன். காத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு கடுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் ஆச்சு. இரண்டு நிமிஷம் ஆச்சு. பெரியவள் நெளிந்தாள். "என்னப்பா, ஏன் வெடிக்கலை?" நான் பதில் சொல்லவில்லை. மூளை இல்லாதவன் எப்படிப் பதில் சொல்வான்? சின்னவன்தான் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அப்பா கேஸ் ஆன் பண்ணவே இல்ல!"

இந்த இரண்டு நிமிஷத்தை எந்த கிளாஸிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. முடிவே இல்லாத சுற்று என்றால் என்ன என்று நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தேன். பரீட்சைக்கு எழுதினேன். புரிந்தது வேலைக்குச் சேர்ந்து ஒரு ராத்திரி சர்வர் தொங்கிய பிறகுதான். இவள் ஏழு வயசில், எண்ணெயில் சும்மா கிடக்கிற கடுகைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

முதல் உப்புமா கட்டி தட்டிப் போனது. ரவையை மொத்தமாகக் கொட்டச் சொன்னாள், நான் கொட்டினேன், கிளறச் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே ரவை விழுந்து கூழாகிவிட்டது. மூன்றாவது வாரம் சாப்பிடும்படி வந்தது. ஒரு தம்ளர் ரவை, இரண்டரைத் தம்ளர் தண்ணீர், ரவையை முதலில் வறுத்துத் தனியாக எடுத்து வைக்கணும், தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிளறணும். இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டி தட்டியதைத் தின்ற வாய் கண்டுபிடித்தது. மூன்று வாரத்துக்கும் சேர்த்து வீணான சாமான் நூறு ரூபாய் தேறாது.

உப்பில் வந்துதான் மாட்டிக்கொண்டாள். எவ்வளவு போடுவது? எனக்குத் தெரியாது என்றேன். (உண்மையிலேயே தெரியாது.) தங்கமணி குளித்துக்கொண்டிருந்தாள். சரி, ஆச்சிக்குப் போன் போடு என்றேன்.

என் அம்மா திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் இருக்கிறாள். எழுபத்தி நாலு வயசு. பேத்தியோடு பேசும் போன் எப்படி இருக்கும் என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். எப்படி இருக்க, சாப்ட்டியா, ஸ்கூல் போனியா, ஆச்சியப் பாக்க எப்ப வருவ. அந்தப் பக்கம் நாலு கேள்வி, இந்தப் பக்கம் நாலு "ம்". பிறகு போன் என் கைக்கு வந்துவிடும். அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒரு தடவை, "பிள்ளைக்கு நம்ம பேச்சு ஓடலைல்லா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அன்றைக்கு நடந்தது இது.

"ஆச்சி, உப்புமாக்கு எவ்ளோ உப்பு?"

"தேவைக்குப் போட வேண்டியதுதான்."

"தேவைன்னா எவ்ளோ?"

"என்னட்டி இப்படிக் கேக்க? கை அளவுதான். தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாரு. கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ரவை விழுந்தா சரியாப் போகும்லா."

பதினைந்து நிமிஷம் போனது அந்த போன். கையளவு என்றால் யார் கை, ரவை வறுபட்டது எப்படித் தெரியும், வாசம் வரும் என்றால் என்ன வாசம், உளுத்தம்பருப்பு பொன்னிறம் என்றால் எந்த நிறம். ஆச்சிக்கு மூச்சு வாங்கியது. ஆனால் போனை வைக்க மனசில்லை அவளுக்கு. எழுபத்தி நாலு வருஷத்தில் அவளிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நானும் கேட்டதில்லை. தட்டில் வந்ததைத் தின்றுவிட்டு எழுந்து போனவன்தானே நான்.

டொனால்ட் குனூத் என்று எங்கள் தொழிலில் ஒரு பெரியவர். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்ற அவருடைய புத்தகத்தின் முதல் தொகுதி 1968-ல் வந்தது. அதன் ஆரம்பத்திலேயே அல்காரிதத்துக்கு ஐந்து லட்சணம் சொல்கிறார். அது ஒரு இடத்தில் முடியணும். ஒவ்வொரு படியும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கணும். உள்ளே போவது என்ன, வெளியே வருவது என்ன என்று தெரியணும். ஒவ்வொரு படியும் செய்யக்கூடியதாக இருக்கணும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சமையல் குறிப்பு இதற்கு ஒத்துவருமா என்று அவரே பார்க்கிறார். மற்றதெல்லாம் எப்படியோ ஒத்துப்போகிறது, அந்த இரண்டாவதில்தான் இடிக்கிறது என்கிறார். ஒரு சிட்டிகை உப்பு என்றால் தேர்ந்த சமையல்காரருக்குப் புரியும். இயந்திரத்துக்குப் புரியாது.

ஆச்சியின் குறிப்பு ஆச்சி மாதிரி ஆட்களுக்கு. கம்ப்யூட்டருக்கான குறிப்பு அன்றைக்கு அடுப்புக்கு முன்னால் நின்ற என்னைப் போன்ற மூளையில்லாதவனுக்கு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பிள்ளை நடந்து பார்க்கணும். அந்தத் தூரம் தெரிந்துவிட்டால் எந்த மொழியில் கோட் எழுதுவது என்பதெல்லாம் பின்னால் தானாக வரும். இன்றைக்கு கோடையே ஏஐ எழுதித் தருகிறது. ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று பிசகில்லாமல் சொல்ல இன்னும் மனுஷன்தான் வேண்டியிருக்கிறது. அதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம். (எங்க ஆபீஸில் வரும் ரெக்வயர்மென்ட் டாக்குமென்ட் எல்லாம் "உப்பு தேவையான அளவு" ரகம்தான்.)

இன்னொன்றும் நடந்தது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. பெரியவளின் தமிழ்.

இங்கே ஸ்கூலில் இந்தி, இங்கிலீஷ். கீழே விளையாட்டில் இந்தி. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று பெயர்தான். பால், சாதம், வா, போ, தூங்கு. பெயர்ச்சொல்லை வைத்தே காலத்தை ஓட்டுகிற தமிழ். முதல் வாரம் அவள் எனக்குக் கொடுத்த கட்டளை இது: "பானி கொதிச்சா தோ ரவா டாலோ." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பா வேறெதுவுமா தெரியவில்லை.

ஆனால் அடுப்படி வினைச்சொல் கேட்கிறது. வறு என்றால் எண்ணெயில்லாமல், இல்லை சும்மா ஒரு சொட்டில். வதக்கு என்றால் கொஞ்சம் எண்ணெயில் துவளும்படி. பொரி என்றால் எண்ணெயில் முக்கி. மூன்றுக்கும் இங்கிலீஷில் 'ஃப்ரை' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், நான் எதைச் செய்வேன் என்று எனக்கே தெரியாது. வதக்கச் சொல்ல வேண்டிய வெங்காயத்தை ஒருநாள் வறுக்கச் சொன்னாள். கருகிய வெங்காயத்தைப் பார்த்த பிறகு அந்த இரண்டு சொல்லும் அவளுக்குக் குழம்பவே இல்லை. கிளறு, கிண்டு, துழாவு, களை, வடி, பிசை என்று ஒவ்வொன்றாக வந்தது. 'தாளி' என்ற சொல் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்ததும் பருப்பு, அது சிவந்ததும் மிளகாய் வற்றல், கறிவேப்பிலை என்று நாலு வரியை ஒருதடவை எழுதிவைத்துவிட்டால் அப்புறம் எந்தச் சமையலிலும் ஒரே சொல்தான். தாளி. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

அதோடு நிபந்தனைகள். கொதிச்சா, கொதிக்கலைன்னா, கொதிக்கிற வரைக்கும், கொதிச்சதும். வினைச்சொல்லின் வாலை மாற்றினால் போதும், அல்காரிதத்தின் பாதி இலக்கணம் கைக்குள் வந்துவிடுகிறது. 'கொதிச்சதும் போடு', 'கொதிக்கிற வரைக்கும் போடு' இரண்டையும் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் செய்து காட்டினேன். அரை டப்பா உப்பு போச்சு. சனிக்கிழமை தமிழ் வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்தாலும் இந்த வித்தியாசம் இப்படி மண்டையில் ஏறாது.

குக்கர் விசில் கதையையும் சொல்லிவிடுகிறேன். "மூணு விசில் வந்ததும் ஆஃப் பண்ணு." கேட்க எவ்வளவு சுலபம்? யார் எண்ணுவது? எங்கள் வீட்டில் பாதிச் சண்டை, வந்தது இரண்டா மூணா என்பதில்தான். நீ எண்ணுவாய் என்று நான், நான் எண்ணுவேன் என்று அவள். சின்னவன் ஒரு வழி கண்டுபிடித்தான். மேடையில் மூன்று கொண்டைக்கடலை. ஒவ்வொரு விசிலுக்கும் ஒன்றைக் கிண்ணத்தில் போடுவான். கடலை தீர்ந்தால் கூப்பாடு போடுவான். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. மூன்றாவது வாரம் பருப்பு வேகவே இல்லை. விசாரித்ததில், டக்ட் வழியாகக் கேட்ட எதிர்வீட்டு பெங்காலிக்காரர் குக்கர் விசிலுக்கும் ஒரு கடலையைப் போட்டிருக்கிறான் :-) இப்போது, "நம்ம குக்கர் மேல ஆவி வந்தா மட்டும்" என்று அவனே ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறான்.

குளிர்காலத்தில் மாவு. ஆச்சி கணக்கு, ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் இட்லி. எட்டு மணி நேரம். நெல்லையில் அது சரி. இங்கே ஜனவரியில் ராத்திரி ஆறு, ஏழு டிகிரி. எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு வைத்தது வைத்தபடி சாதுவாக இருக்கிறது. பிள்ளைகள் எழுதிய தாளில் "8 மணி" என்று இருந்ததைப் பெரியவள் அடித்துவிட்டு, "பொங்குற வரைக்கும்" என்று எழுதினாள். கம்பளி போர்த்தி, பதினெட்டு மணி நேரம் ஆனது. நேரத்தை நம்பாதே, நிலைமையைப் பார் என்று எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரு ராத்திரி மாவு ஆட்டி வைக்கச் சொல்லலாம் போலிருக்கிறது.

எல்லாம் ரோஜாப்பூ இல்லை. இரண்டு எதிர்ப்பு வந்தது.

ஒன்று, கூட வேலை பார்க்கும் நண்பர். இது பழைய உவமை, இதில் தேடுவது, வரிசைப்படுத்துவது, எது வேகமான வழி என்று பார்ப்பது எதுவும் வராதே என்றார். நியாயம். அஞ்சறைப் பெட்டியில் கடுகைத் தேட வேண்டியதில்லை, மேல் ஷெல்ஃபில் பேர் ஒட்டாத பதினாறு டப்பாவில் பொட்டுக்கடலையைத் தேட ஒவ்வொன்றாகத் திறக்கணும் என்கிற அளவுக்கு வேண்டுமானால் காட்டலாம். அதற்கு மேல் சமையலறை தாங்காது, தாங்க வேண்டியதும் இல்லை. ஏழு வயசுக்கு இது போதும்.

இரண்டாவது எதிர்ப்பு தங்கமணி. அது கொஞ்சம் காரமாகவே வந்தது.

"பொம்பளப் புள்ளய அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் புதுசா ஒரு பேரா? எங்க அம்மாவும் எனக்கு அல்காரிதம்தான் சொல்லிக் குடுத்தாங்க. அப்ப அதுக்குப் பேரு 'நாளைக்குப் போற எடத்துல பேச்சு வாங்கக் கூடாது.'"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சின்னவனும்தானே நிற்கிறான் என்றேன். "ஞாயித்துக்கிழமை நிக்கிறீங்க மூணு பேரும். மத்த ஆறு நாளு?" என்றாள்.

மறுநாள் காலையில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து அவளைக் கவனித்தேன். ஆறு பத்துக்கு அரிசியையும் பருப்பையும் குக்கரில் அடுக்கி ஏற்றுகிறாள், ஏனென்றால் அதுதான் அதிக நேரம் பிடிக்கும். அது வேகிற நேரத்தில் காய் நறுக்குகிறாள். இருப்பது இரண்டே பர்னர். குக்கர் இறங்கும்போது பொரியல் ஏறத் தயாராக இருக்கிறது. தோசைக்கல் கடைசியில், ஏனென்றால் தோசை ஆறக்கூடாது. நடுவில் ஒருத்திக்குத் தலை பின்னல், ஒருத்தனுக்கு ஷூ. ஏழு இருபத்தைந்துக்கு பஸ். ஒரு நிமிஷம் பிசகவில்லை. எதை முதலில் தொடங்குவது, எதற்காக எது காத்திருக்கும் என்று திட்டம் போட எங்கள் கம்பெனியில் ஒரு டீமே இருக்கிறது. அந்த டீமுக்குச் சம்பளம் உண்டு. நான் அதில்தான் இருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது சொல்ல.

அதனால் இப்போது ஒரு திருத்தம். புதன், வெள்ளி காலைச் சமையல் என்னுடையது. பிள்ளைகள் இரண்டும் உதவி. முதல் புதன்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டோம். பொரியலை முதலில் ஏற்றிவிட்டு, குக்கரை மறந்துபோனவன் நான்தான். "அப்பா, லேட்டா வேகுறத ஃபர்ஸ்ட் வைக்கணும்ல?" என்று காரில் பெரியவள் கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். திட்டு வாங்கினாலும் சந்தோஷமாக இருந்தது.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். அல்காரிதம், லூப், வேரியபிள் என்ற சொற்களை வாயில் எடுக்காதீர்கள். எடுத்தால் அதுவும் ஒரு கிளாஸ் ஆகிவிடும். பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடும். ஸ்டூலை விட்டு இறங்கிவிடும். அடுப்பே வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் எலுமிச்சம்பழ ஜூஸில் தொடங்கலாம். விதையோடு பிழிந்து குடிக்க வைத்தால் பிழை திருத்தம் தானாக வரும்.

போன ஞாயிறு கூட்டாஞ்சோறு. ஆச்சி போனில் சொல்லச் சொல்ல, பெரியவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுத்துப் பிழை எக்கச்சக்கம், 'ழ' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'ள'. பத்தொன்பது வரி. எழுதி முடித்ததும் ஆச்சி, "எங்க, திருப்பிப் படி பாப்போம்" என்றாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆச்சி உம் கொட்டிக்கொண்டே வந்தவள் பதினொன்றாம் வரியில் நிறுத்தினாள்.

"ஏட்டி, புளித்தண்ணி எங்க?"

"நீங்க சொல்லவே இல்ல ஆச்சி."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு ஆச்சி சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் சமையலறை முழுக்கக் கேட்டது. "எங்க மாமியாரும் என்கிட்ட அத சொல்லாமத்தான் விட்டாக. நானாத்தான் கண்டுபிடிச்சேன். எழுதிக்கோ, பன்னெண்டு."